பவல் சவுண்ட் (குடல் சத்தம்) கேட்கவில்லை என்று ஆர்டி ஃபீடை (மூக்குக் குழாய் வழியாக இரைப்பைக்கு விடும் சாப்பாட்டை) நிறுத்தலாமா?

இரவுப்பணி:

வணக்கம். சர்ஜிகல் வார்டில் நாலு வருடம் இருந்துவிட்டு ஐசியூவுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. ஒரே பேஷன்ட்டின் வயிற்றைப் பற்றி ஷிப்டுக்கு ஒருவர் ஒன்று சொல்கிறார்கள், நடுவில் ஆர்டியைத் திறந்து மூடிக்கொண்டிருப்பது நான்தான், அதனால் இங்கே கேட்கிறேன்.

நாற்பது வயது ஆள், பூச்சி மருந்து குடித்த கேஸ், ஆர்கனோபாஸ்பேட். வென்டிலேட்டரில் இன்று நாலாவது நாள். விஷமுறிவுக்கு அட்ரோபின் இன்ஃப்யூஷன், வலிக்கு ஃபென்டனில், மயக்கத்துக்கு மிடாசொலாம் மூன்றும் ஓடுகின்றன. பிபி பரவாயில்லை, பிபியை ஏற்றுகிற நார்அட் இரண்டாம் நாளே நிறுத்தியாகிவிட்டது. வந்ததிலிருந்து மோஷன் போகவில்லை. வயிறு உப்பியிருக்கிறது. கல் மாதிரி இல்லை, ஆனால் விரலால் தட்டினால் காலிக் குடத்தைத் தட்டுகிற மாதிரி சத்தம். நேற்று இரவு பத்து மணிக்கு ஆஸ்பிரேட் (ஆர்டி வழியாக இரைப்பையிலிருந்து இழுத்தெடுத்தது) 180 மி.லி., விடியற்காலை நாலு மணிக்கு 280. இளம்பச்சை, வாடை இல்லை. ஃபீடு மணிக்கு 40 மி.லி. ஓடிக்கொண்டிருந்தது. டியூட்டி டாக்டர் ஸ்டெத்தை வைத்துப் பார்த்துவிட்டு பவல் சவுண்ட் இல்லை, ஃபீடை நிறுத்துங்கள் என்றார். காலை ரவுண்ட்ஸில் சீஃப், யார் நிறுத்தியது என்று என்னைப் பார்த்து முறைத்தார், மறுபடி ஆரம்பித்தோம். மத்தியானம் இன்னொருவர் வந்தார், மறுபடி ஸ்டெத், மறுபடி சத்தம் இல்லை, மறுபடி ஸ்டாப். இரண்டு நாளில் அந்த ஆளுக்கு உள்ளே போனது ஒரு நாள் சாப்பாடுகூடத் தேறாது.

இதில் இன்னொரு கூத்து, கேஸ் ஷீட்டில் நாலு நாளும் "பி/ஏ சாஃப்ட், பிஎஸ் ப்ளஸ்" என்றுதான், அதாவது வயிறு இறுக்கமில்லை, பவல் சவுண்ட் உண்டு என்றுதான் இருக்கிறது. முதல் நாள் எழுதியதைப் பார்த்து அப்படியே இறக்கியிருக்கிறார்கள். சத்தம் இல்லை என்று ஃபீடை நிறுத்தின அதே நாளிலும் பிஎஸ் ப்ளஸ்!

ஆஸ்பிரேட் எவ்வளவு வந்தால் நிறுத்துவது? வந்ததைக் கொட்டுவதா, திருப்பி விடுவதா? சத்தம் கேட்பதில் உண்மையிலேயே அர்த்தம் இருக்கிறதா? எப்போது நான் பயந்து சீஃபை எழுப்ப வேண்டும்? மூச்சுக்கு ஏபிஜி (ரத்த வாயு டெஸ்ட்) இருக்கிறது, கிட்னிக்கு யூரின் அவுட்புட், கிரியாட்டினின் இருக்கிறது. வயிற்றுக்கு என்ன இருக்கிறது?

காலை ரத்தத்தில் பொட்டாசியம் குறைவு, 2.9. பேஷன்ட்டின் அம்மா வேறு, வயிறு இறுகியிருக்கே, தொப்புளில் கொஞ்சம் விளக்கெண்ணெய் வைக்கட்டுமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். பாவம், அவராவது வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

ஹவுஸ்சர்ஜன்_07:

மெட்டோகுளோப்ரமைட் 10 மி.கி. ஐவி எட்டு மணிக்கொரு தடவை போடுங்கள் சிஸ்டர், இரண்டு டோஸில் சரியாகிவிடும். எங்கள் ஐசியூவில் எல்லாருக்கும் போடுகிறோம்.

மயக்கமருந்துக்காரன்:

தம்பி 07, கொஞ்சம் பொறு, அதற்கு வருகிறேன்.

சிஸ்டர், கடைசியில் நீங்கள் கேட்டதுதான் சரியான கேள்வி. வயிற்றுக்கு ஒரு நம்பர் கிடையாது. உறுப்புகள் எவ்வளவு பழுது என்று புள்ளி போட 1996-இல் வந்த சோஃபா ஸ்கோரில் நுரையீரல், ரத்தம், ஈரல், இதயம், மூளை, கிட்னி என்று ஆறு உறுப்பு இருக்கிறது, குடல் இல்லை. மறந்துவிட்டார்கள் என்பதில்லை, அளக்க உருப்படியான வழி இல்லை. 2012-இல் ஐரோப்பிய ஐசியூ சங்கத்தின் குழு ஒன்று, குடல் பழுதை ஒன்றிலிருந்து நாலு வரை தரம் பிரித்து வைத்தது. அதிலும் பாதி பார்ப்பவரின் கணிப்புதான். 2021-இல் ஜிஐடிஎஸ் என்று இன்னொரு ஸ்கோர் வந்தது, பூஜ்ஜியத்திலிருந்து நாலு வரை. அதில் பவல் சவுண்ட் இல்லாததும் ஒரு அம்சம்தான், ஆனால் அது ஒன்று மட்டும் இருந்தால் ஒரு புள்ளிகூடக் கிடையாது. உப்புசமோ, வாந்தியோ, 200-க்கு மேல் ஆஸ்பிரேட்டோ, வயிற்றுக்குள் பிரஷர் ஏறியதோ, இந்த மாதிரி இன்னொன்று கூடவே இருக்க வேண்டும். ஃபீடு விஷயத்தில் சத்தத்துக்கு அவ்வளவுதான் மரியாதை.

ஏன் என்றால், குடலில் காற்றும் தண்ணீரும் கலந்து அசைந்தால்தான் சத்தம் வரும். மயக்கத்தில், பட்டினியில் இருக்கிறவர் குடலில் கலக்க என்ன இருக்கிறது? சத்தம் இருந்தாலும் சாப்பாடு கீழே நகர்கிறது என்று அர்த்தமில்லை, இல்லாவிட்டாலும் நகரவில்லை என்று அர்த்தமில்லை. ஒரே வயிற்றில் இரண்டு பேர் ஸ்டெத் வைத்தால் இரண்டு பதில் வரும், அதுவும் வென்டிலேட்டர், மானிட்டர், பக்கத்து பெட் சக்‌ஷன் இரைச்சலில் பத்து விநாடி கேட்டுவிட்டு. 2016 அமெரிக்க கைடுலைன் நேராகவே சொல்கிறது, ஃபீடு ஆரம்பிக்க பவல் சவுண்டுக்கோ, காற்றுப் பிரிவதற்கோ, மோஷனுக்கோ காத்திருக்க வேண்டாம் என்று.

ஆஸ்பிரேட் விஷயம். ஒரு சாதாரண ஆளுக்கு எச்சிலும் இரைப்பை நீரும் சேர்ந்து ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் பக்கம் இரைப்பைக்குள் போகிறது. ஆறு மணி நேரக் கணக்கு போட்டால் 750 மி.லி. அதோடு நீங்கள் விட்ட 240. சீக்காளிக்கு சுரப்பு இதைவிடக் குறைவு என்றே வைத்துக்கொள்ளுங்கள், 280 எடுத்தது அதிகம் இல்லை, பெரும்பகுதி கீழே போயிருக்கிறது. ஐரோப்பிய கைடுலைனில் ஆறு மணி நேரத்தில் 500-க்கு மேல் வந்தால்தான் ஃபீடைத் தள்ளி வைக்கச் சொல்கிறார்கள். பிரான்ஸில் 2013-இல் வெளியான ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது, வென்டிலேட்டரில் இருந்தவர்களில் ஒரு பிரிவுக்கு ஆஸ்பிரேட்டே பார்க்கவில்லை, வாந்தி வந்தால் மட்டும் கவனித்தார்கள், நிமோனியா கூடவில்லை. ஆனால் அங்கே எடுத்துக்கொண்டது பெரும்பாலும் மெடிகல் கேஸ்கள், வயிற்று ஆபரேஷன் ஆனவர்களுக்கு அதை அப்படியே தூக்கிப் போட முடியாது. நான் இன்னமும் பார்க்கச் சொல்கிற ஆள்தான். எங்கள் ஊரில் தலைமாட்டை 30 டிகிரிக்குத் தூக்கி வைத்தால் ஒரு மணி நேரத்தில் யாராவது இறக்கிவிடுகிறார்கள், அதனால்.

அப்புறம், அந்த எண்ணே சிரிஞ்சைப் பொறுத்தது. டியூபின் நுனி இரைப்பையில் எந்த மூலையில் கிடக்கிறது, 10 மி.லி. சிரிஞ்சா 50-ஆ, ஆளை எந்தப் பக்கம் திருப்பி இழுத்தீர்கள், எல்லாவற்றிலும் மாறும். ஒரு தடவை வந்ததை வைத்து முடிவெடுக்காமல், ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். திருப்பி விடலாமா என்றால், இளம்பச்சை, வாடை இல்லை, 280 என்றால் நான் திருப்பி விடச் சொல்வேன், பொட்டாசியம் 2.9 இருக்கிறவருக்கு அதைக் கொட்டுவது உப்பைக் கொட்டுகிற மாதிரி. மலவாடை அடித்தாலோ, காப்பித் தூள் மாதிரி வந்தாலோ திருப்பி விடாமல் எடுத்து வைத்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

இப்போது 07-க்கு. அந்த ஆளுக்கு அட்ரோபின் ஓடுகிறது தம்பி. அட்ரோபின் குடலைக் கட்டிப்போடுகிற மருந்து, மெட்டோகுளோப்ரமைட் குடலை அசைப்பதில் பெரும்பங்கு அட்ரோபின் தடுக்கிற அதே அசிட்டைல்கோலின் என்கிற நரம்பு ரசாயனம் வழியாகத்தான். ஒரு காலில் பிரேக், இன்னொரு காலில் ஆக்சிலரேட்டர். வண்டி நகராது, எஞ்சின்தான் சூடாகும்.

அதனால் சிஸ்டர், உங்கள் பேஷன்ட்டுக்கு மட்டும் நான் மேலே சொன்னதற்குத் தலைகீழாக ஒன்று சொல்கிறேன். ஃபீடுக்கு பவல் சவுண்ட் முக்கியமில்லை, ஆனால் அட்ரோபினுக்கு முக்கியம். சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது, கூடவே ஜுரம், கூடவே பிதற்றல் என்றால் அட்ரோபின் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்: டெம்பரேச்சர் எவ்வளவு, மயக்கம் கொஞ்சம் தெளியும்போது என்ன செய்கிறார், அட்ரோபின் ரேட்டைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள்.

இரவுப்பணி:

சார், டெம்பரேச்சர் நேற்று மாலையிலிருந்து 101.4, 101.8. ஜுரம் என்று ஆன்டிபயாட்டிக் மாற்றியிருக்கிறார்கள், கல்ச்சர் அனுப்பியாயிற்று. காலையில் மிடாசொலாம் குறைத்தபோது காற்றில் எதையோ பிடுங்கிக்கொண்டே இருந்தார், பெட்ஷீட்டில் நூல் எடுக்கிற மாதிரி. அதைப் பார்த்து மிடாசொலாமை மறுபடி ஏற்றினார்கள். வாய் காய்ந்து நாக்கு அட்டை மாதிரி இருக்கிறது, அக்குள் பொடி போட்ட மாதிரி உலர்ந்திருக்கிறது. பல்ஸ் 134. அட்ரோபின் ரேட் இரண்டாம் நாள் ராத்திரிக்கு அப்புறம் யாரும் தொடவில்லை, நான் சார்ட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டேன்.

மயக்கமருந்துக்காரன்:

அப்படியென்றால் உடனே சீஃபைக் கூப்பிடுங்கள், இதை இங்கே எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். பூச்சி மருந்து கேஸில் நமக்கு வேண்டியது நெஞ்சில் கிரெப்ஸ் (நீர் கோத்த கரகர சத்தம்) இல்லாமல் தெளிவாக இருப்பது, பல்ஸ் 80-க்கு மேல், சிஸ்டாலிக் பிபி 80-க்கு மேல், அக்குள் உலர்ந்திருப்பது, கண்மணி ஊசிமுனையாக இல்லாமல் இருப்பது. அவ்வளவுதான், 134 தேவையில்லை. இந்த மாதிரி நிலையில் வழக்கமாகச் செய்வது, இன்ஃப்யூஷனை ஒரு மணி நேரம் போல நிறுத்திப் பார்ப்பது, ஜுரமும் பிதற்றலும் அடங்கியதும் ஐந்தில் ஒரு பங்கு குறைத்து மறுபடி ஆரம்பிப்பது. நிறுத்தியிருக்கிற நேரத்தில் பெட்டை விட்டு நகரக் கூடாது, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நெஞ்சில் ஸ்டெத் வைக்க வேண்டும். ஃபென்தயான் மாதிரி கொழுப்பில் ஊறுகிற மருந்தாக இருந்தால் நாலு நாள் கழித்தும் விஷம் திரும்பி வரும், கிரெப்ஸோ வியர்வையோ வந்தால் அந்த நிமிடமே அட்ரோபின் திரும்ப ஓட வேண்டும். முடிவு உங்கள் சீஃபுடையது, நான் பெட் பக்கத்தில் இல்லை. ஜுரத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம், கல்ச்சர் அனுப்பியது சரிதான்.

யூரின் கதீட்டர் இருப்பதால் ஒரு அறிகுறி மறைந்துவிட்டது, இல்லாவிட்டால் யூரின் அடைத்துக்கொண்டிருப்பதும் தெரிந்திருக்கும்.

கத்திக்காரன்:

சர்ஜன் பேசுகிறேன். மேலே இருப்பதெல்லாம் சரி, ஆனால் இதைப் படித்துவிட்டு நாளைக்கு எல்லா உப்புசத்துக்கும் மருந்துதான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

சில வருடம் முன்பு நான் இருந்த ஒரு இடத்தில், பேர் வேண்டாம், அறுபது வயது அம்மா, செப்சிஸ் (கிருமித்தொற்று முற்றிய நிலை), நார்அட் நல்ல டோஸில் ஓடிக்கொண்டிருந்தது. வயிறு ஊதிக்கொண்டே வந்தது, அதுவரை ஃபீடு ஒத்துக்கொண்டவருக்கு ஆஸ்பிரேட் திடீரென்று ஏறியது, லாக்டேட் (திசுவுக்கு ரத்தம் போதாவிட்டால் ரத்தத்தில் ஏறுவது) காலையில் 2, மாலையில் 5. செப்சிஸ் அல்லவா, லாக்டேட் ஏறத்தான் செய்யும் என்று இரண்டு ஷிப்ட் ஓடிவிட்டது. கான்ட்ராஸ்ட் போட்டால் கிட்னி போய்விடும் என்று சிடியையும் தள்ளிப் போட்டார்கள். என்னைக் கூப்பிட்டபோது நான் திறந்து பார்த்து மூடத்தான் முடிந்தது, சிறுகுடல் முழுக்கக் கறுப்பு. ரத்தக்குழாயில் அடைப்பே இல்லை, ரத்தம் போதாமலேயே குடல் செத்திருக்கிறது. அந்த ரவுண்ட்ஸில் நானும் ஒரு தடவை எட்டிப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், கையை வைத்துப் பார்த்தேன், சாஃப்ட் என்றுதான் நானும் சொன்னேன்.

மயக்கத்தில் இருப்பவர் வலிக்கிறது என்று சொல்ல மாட்டார், வயிற்றுத் தசையும் இறுகாது. அதனால் வயிற்றை அமுக்கும்போது நம் கண் வயிற்றில் இருக்கக் கூடாது, முகத்திலும் மானிட்டரிலும் இருக்க வேண்டும். புருவம் சுருங்குகிறதா, பல்ஸ் தாவுகிறதா, வென்டிலேட்டரை எதிர்த்து மூச்சு விடுகிறாரா. ஷாக்கில் இருப்பவருக்கு ஃபீடு வேகமாக ஏற்றுவதும் ஆபத்துதான். 2018-இல் வந்த பிரெஞ்சு ஆய்வில் ஷாக்கில் ஆரம்பத்திலேயே முழு ஃபீடு கொடுத்த பிரிவில் குடல் ஐஸ்கீமியா (ரத்தம் போதாமல் குடல் பழுதாவது) 19 பேருக்கு, ஐவி வழியாக ஊட்டம் கொடுத்த பிரிவில் 5 பேருக்கு. எண்ணிக்கை சின்னதுதான், ஆனால் அது வந்தால் பிழைப்பவர் குறைவு. உங்கள் ஆள் நார்அட் இல்லாமல் இருக்கிறார், அது நல்ல செய்தி. இருந்தாலும் லாக்டேட் ஒரு தடவை பாருங்கள். நார்மலாக இருந்தால் குடலுக்கு ஒன்றும் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது, ஏறிக்கொண்டே போனால் மட்டும் உட்கார்ந்திருக்கக் கூடாது.

அடுத்தது, ஒரு எக்ஸ்ரே எடுங்கள். பெருங்குடல் மட்டும் பலூன் மாதிரி ஊதி, அதிலும் வலது பக்கம் அது ஆரம்பிக்கிற சீக்கம் 12 செ.மீ. தாண்டினால் கிழியும் பயம் உண்டு. அடைப்பு இல்லாமலே அப்படி ஊதுவதற்கு ஓகில்வி என்று பேர், படுத்த படுக்கை, ஓபியாய்டு, பொட்டாசியம் குறைவு எல்லாம் கூடி வந்தால் வரும், உங்கள் ஆளுக்கு மூன்றும் இருக்கிறது. பாடப் புத்தகத்தைத் திறந்தால் ஓகில்விக்கு நியோஸ்டிக்மின் 2 மி.கி. மெதுவாகப் போடு என்று இருக்கும். யாராவது ஆர்வக்கோளாறில் உங்கள் ஆளுக்கு அதை எழுதிவிட்டால் கையைப் பிடித்துத் தடுங்கள். நியோஸ்டிக்மினும், அசிட்டைல்கோலினை உடைக்கிற கோலினெஸ்டரேஸைத்தான் அடைக்கிறது. அவர் குடித்துவிட்டு வந்ததும் அதே வேலையைச் செய்கிற சாமான்தான்!

ஹவுஸ்சர்ஜன்_07:

அய்யோ, நான் அடுத்து அதைத்தான் எழுத இருந்தேன் சார். குடலை அசைக்க எரித்ரோமைசின்?

கத்திக்காரன்:

நல்லவேளை எழுதவில்லை. எரித்ரோமைசின் க்யூடியை (இசிஜியில் தெரிகிற ஒரு இடைவெளி, நீண்டால் இதயத்துடிப்பு தாறுமாறாகும்) நீட்டும், பூச்சி மருந்தும் க்யூடியை நீட்டும், பொட்டாசியம் 2.9. முதலில் ஒரு இசிஜி, பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் ஏற்று, அட்ரோபினைக் குறை, ஃபென்டனில் உண்மையிலேயே இவ்வளவு வேண்டுமா என்று பார். இவ்வளவும் செய்தபின் குடல் நகரவில்லை என்றால் அப்போது பேசலாம். கொடுத்தாலும் மூன்று நாளைக்கு மேல் அதன் வேலை வெகுவாகக் குறைந்துவிடும்.

இன்சார்ஜ்_அக்கா:

தங்கச்சி, டாக்டர்கள் மருந்து பேசி முடித்துவிட்டார்கள், நான் கை வேலையைச் சொல்கிறேன். இருபத்திரண்டு வருடம் ஐசியூவில் இருக்கிறேன்.

முதலில் பி.ஆர். செய்தார்களா? நாலு நாள் மோஷன் இல்லை, கையுறை போட்டு ஒரு விரல் விட்டுப் பார்க்க யாருக்கும் மனசு வராது. ரெக்டம் (மலக்குடல்) முழுக்க உருண்டையாக இருந்தால் மேலே என்ன மருந்து கொடுத்து என்ன? நான் பார்த்த ஒருவருக்கு லூஸ் மோஷன் என்று மூன்று நாள் மருந்து கொடுத்தார்கள், உள்ளே கெட்டியாக அடைத்துக்கொண்டு ஓரமாகத் தண்ணீர் மட்டும் வழிந்துகொண்டிருந்தது.

இரண்டாவது, இன்ச் டேப். தொப்புள் சுற்றளவு எடுத்துப் பேனாவால் கோடு போட்டு வையுங்கள், அதே கோட்டில்தான் அடுத்த ஷிப்டும் எடுக்க வேண்டும். அதை வைத்து உள்ளே பிரஷர் எவ்வளவு என்று சொல்ல முடியாது, குண்டான ஆளுக்குச் சுத்தமாக ஏமாற்றும். ஆனால் "கொஞ்சம் உப்பியிருக்கிறது" என்று கையளிப்பில் சொல்வதற்குப் பதில் 94 இப்போது 97 என்று சொன்னால் டாக்டர் நிமிர்ந்து பார்ப்பார்.

மூன்றாவது, பிளாடர் பிரஷர், அதாவது வயிற்றுக்குள் இருக்கிற பிரஷரை மூத்திரப்பை வழியாக அளப்பது. பெரிய மெஷின் எல்லாம் வேண்டாம். மூன்று வழி ஸ்டாப்காக், ஒரு ஐவி செட், ஒரு ஸ்கேல், போதும். ஆளை மட்டமாகப் படுக்க வைக்க வேண்டும், தலைமாடு தூக்கியிருந்தால் தப்பாகக் கூடும். யூரின் பை பக்கம் கிளாம்ப் போட்டு, ஸ்டெரைலாக 25 மி.லி. சலைன் உள்ளே விட வேண்டும், அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். நான் புதுசாக இருந்தபோது 100 மி.லி. விட்டேன், பிரஷர் 24 என்று வந்து சீஃப் சர்ஜரிக்கே போன் போட்டுவிட்டார், மறுபடி 25 விட்டுப் பார்த்தால் 13. அன்று வாங்கின திட்டு இன்னும் காதில் இருக்கிறது. சலைன் விட்டபின் அரை நிமிடம், ஒரு நிமிடம் சும்மா இருங்கள், பிளாடர் தசை அடங்கட்டும். ஸ்கேலின் பூஜ்ஜியம் இடுப்பெலும்பு மேட்டுக்கு நேராக, அக்குளின் நடுக்கோட்டில். டியூபில் தண்ணீர் மட்டம் மூச்சோடு ஏறி இறங்கும், மூச்சு வெளியே போய் முடிகிற இடத்தில் எடுக்க வேண்டும். ஏறி இறங்கவில்லை என்றால் எங்கோ அடைத்திருக்கிறது, அந்த அளவை எழுதாதீர்கள். வந்த சென்டிமீட்டரை 1.36-ஆல் வகுத்தால் பாதரசக் கணக்கு.

ஐசியூ ஆளுக்கு ஐந்து முதல் ஏழு சாதாரணம். 12 தொட்டுவிட்டு அங்கேயே நின்றால் உள்ளே பிரஷர் ஏறியிருக்கிறது என்று கணக்கு, நாலு மணிக்கொரு தடவை பார்க்க வேண்டும். 20 தாண்டி அங்கேயே நின்று, கூடவே யூரின் நின்றது, வென்டிலேட்டர் பிரஷர் ஏறியது என்று புதுசாக ஒரு உறுப்பு படுத்தால் ராத்திரி எத்தனை மணியானாலும் எழுப்புங்கள். எப்போது எழுப்புவது என்று கேட்டீர்களே, அதற்கு என் கணக்கு: பிரஷர் 20, லாக்டேட் ஏறுவது, ஆஸ்பிரேட்டில் ரத்தம், உப்புசத்தோடு பிபி இறங்குவது. இதில் எது வந்தாலும் போன். திட்டினால் திட்டட்டும்.

விளக்கெண்ணெய் கேட்ட அம்மாவை விரட்டாதீர்கள். தொப்புளில் ஒரு சொட்டு வைத்தால் ஒன்றும் ஆகாது, கையைக் கழுவிவிட்டு வந்து மகனைத் தொட்டுவிட்டுப் போகட்டும். வாயில் மட்டும் எதையும் ஊற்ற விடாதீர்கள், ஓமத்திரவம் கொண்டுவந்து ஆர்டியில் ஊற்றச் சொன்னவர்களும் உண்டு.

சோறுகணக்கு:

டயட்டீஷியன். ஃபீடு என்று எல்லாரும் சொல்கிறீர்கள், என்ன ஃபீடு, எப்படி விடுகிறீர்கள் என்று யாருமே கேட்கவில்லை. மணிக்கு 40 பம்ப்பிலா, சொட்டாகவா, இல்லை இரண்டு மணிக்கொரு தடவை 80-ஐ சிரிஞ்சில் பிஸ்டன் போட்டுத் தள்ளிவிட்டு சார்ட்டில் 40, 40 என்று எழுதுவதா? எழுதுவது ஒன்று, விடுவது ஒன்று என்று நிறைய இடத்தில் பார்த்துவிட்டேன். வயிறு மந்தமாக இருப்பவருக்கு மெதுவாக, தொடர்ந்து விடுவதுதான் ஒத்துக்கொள்ளும். முழுக்க நிறுத்துவதற்குப் பதில் 20-க்கு இறக்கி ஓடவிட்டால் குடலுக்கும் கொஞ்சம் வேலை இருக்கும். கிச்சனிலிருந்து வருகிற மிக்சியில் அடித்த கஞ்சியாக இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே தொங்கக் கூடாது, நம் ஊர் மே மாதத்தில் அதையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இப்போது மோஷன் இல்லை என்று கவலைப்படுகிறீர்கள், அடுத்த வாரம் லூஸ் மோஷன் என்று எழுதுவீர்கள் பாருங்கள். அப்போது ஃபீடைக் குற்றம் சொல்வதற்கு முன் ஆர்டியில் போகிற சிரப்களைப் பாருங்கள். பாராசிட்டமால் சிரப்பாக இருக்கலாம், பொட்டாசியம் சிரப்பாக இருக்கலாம், பலதில் பேதியாக்குகிற சார்பிட்டால் என்கிற இனிப்பு இருக்கும், இல்லையென்றால் மருந்தே அடர்த்தியாக இருந்து குடலில் தண்ணீரை இழுக்கும். ஆன்டிபயாட்டிக் மாற்றியிருக்கிறீர்கள் வேறு. ஒரு தடவை இளகிப் போனால் அது லூஸ் மோஷன் இல்லை, மூன்று தடவை, அதுவும் தண்ணீராகப் போனால்தான்.

இரவுப்பணி:

எல்லாருக்கும் நன்றி, இரண்டு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், டபுள் டியூட்டி.

அன்று மாலையே சீஃபிடம் ஜுரம், பிடுங்கல், சத்தம் இல்லாதது மூன்றையும் சேர்த்துச் சொன்னேன். தனித்தனியாக மூன்று பேர் மூன்று நோட்டில் எழுதியிருந்ததை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. அட்ரோபினை நிறுத்தி அவரே அரை மணி நேரம் பெட் பக்கத்தில் நின்றார். ஒன்றேகால் மணி நேரத்தில் பல்ஸ் 108, குறைத்து மறுபடி ஆரம்பித்தோம். நெஞ்சு தெளிவாகவே இருந்தது. மறுநாள் மாலைக்குள் ஜுரம் 99.6, பிடுங்குவதும் நின்றுவிட்டது. கல்ச்சரில் இதுவரை எதுவும் வளரவில்லை.

பிளாடர் பிரஷர் எடுத்தோம் அக்கா, முதல் தடவை தண்ணீர் மட்டம் அசையவே இல்லை, பார்த்தால் கிளாம்ப்பை ஸ்டாப்காக்குக்கு முன்னாலேயே போட்டிருக்கிறேன். இரண்டாவது தடவை 19 செ.மீ., 14 என்று வந்தது. நேற்று 13 செ.மீ., ஒன்பதரை. லாக்டேட் 1.6. எக்ஸ்ரேயில் காற்று இருந்தது, சீக்கம் 8 என்று ரேடியாலஜியில் சொன்னார்கள். பொட்டாசியம் 3.8. பி.ஆர். செய்தபோது ரெக்டம் முழுக்க இருந்தது, சப்போசிட்டரி வைத்து, இன்று விடியற்காலை நாலரைக்கு மோஷன் போனது. பெட் முழுக்க. மூன்று பேர் சேர்ந்து துடைத்தோம், வார்டு அம்மா சந்தோஷத்தில் கை தட்டினார், பக்கத்து பெட் அட்டெண்டர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

டயட்டீஷியன் மேடம், நீங்கள் சொன்னது அப்படியே. பம்ப் ரிப்பேர், பகலில் சிரிஞ்சில்தான் தள்ளியிருக்கிறார்கள். இப்போது சொட்டாக 20-இல் ஆரம்பித்து 50-இல் ஓடுகிறது, ஆஸ்பிரேட் ஆறு மணிக்கொரு தடவை, நேற்று அதிகபட்சம் 210, திருப்பி விட்டோம்.

ஒரே ஒரு பிரச்சினை. ஸ்டாண்டில் பிளாஸ்டர் போட்டு ஒட்டி வைத்த ஸ்கேலை நைட்டில் யாரோ பெட் 2-க்கு எடுத்துப் போய்விட்டார்கள். அங்கே ஆள் 30 டிகிரியில் படுத்திருக்கிறார், பிரஷர் 17 என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மட்டமாகப் படுக்க வைத்து மறுபடி எடுக்கச் சொன்னால் யார் நீ என்று கேட்பார்களா அக்கா?

இன்சார்ஜ்_அக்கா:

கேட்பார்கள். ஸ்கேலைத் திருப்பிக் கேட்கப் போகிற மாதிரி போய், அப்படியே சொல்லிவிட்டு வா.